கண்ணாடியைக் கழற்ற வருபவர்கள்

லேசர் சிகிச்சை கேட்டு வருபவர்களின் கண்ணை முதலில் அளந்து பார்ப்பது என் வேலை. நான் ஆப்டோமெட்ரிஸ்ட். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் என் எதிரே வந்து உட்கார்ந்ததும் பெரும்பாலோர் செலவைப் பற்றித்தான் பேச்சை எடுப்பார்கள். "மாசாமாசம் லென்ஸு, சொல்யூஷன்னு வாங்கறதுக்கு, ஒரேயடியா லேசர் பண்ணிட்டா லாபம்தானே மேடம்?" நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்லும் முன் நான் பார்க்க வேண்டிய கணக்கு வேறு. அது மைக்ரானில் வரும்.

கருவிழியின், அதாவது கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும் கார்னியாவின் நடுப்பகுதி சராசரியாக 540 மைக்ரான் கனம் இருக்கும். அரை மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் கூடுதல். லாசிக் என்கிற லேசர் சிகிச்சையில் மேலே சுமார் 110 மைக்ரான் கனத்துக்கு ஒரு மடலை வெட்டித் திறந்து, அதற்கு அடியில் உள்ள திசுவை லேசர் செதுக்குகிறது. ஒரு டயாப்டர் (கண்ணாடி பவரின் அலகு) மைனஸுக்கு ஏறக்குறைய 15 மைக்ரான் போகும் என்று வைத்துக்கொண்டால், மைனஸ் 6-க்கு 90. இதெல்லாம் போக அடியில் குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும். 300 இருந்தால்தான் கை வைப்பேன் என்கிற டாக்டர்களும் உண்டு. 540 இருப்பவருக்கு இடம் தாராளம். அதே பவருக்கு 470 மைக்ரான் கருவிழி இருந்தால் 270-தான் மிஞ்சும். அப்போது பேச்சே மாறிவிடும்.

கனம் மட்டும் போதாது, கருவிழியின் வளைவும் ஒழுங்காக இருக்க வேண்டும். அதை வண்ண வரைபடமாகக் காட்டும் டோப்போகிராஃபி பரிசோதனைக்கு லென்ஸ் போடுபவர்கள் அதைக் கழற்றிவிட்டு வர வேண்டும்: மென்மையான லென்ஸ் என்றால் ஓரிரு வாரம், கெட்டியான வகை என்றால் மூன்று நான்கு வாரம்கூட ஆகலாம். லென்ஸ் கருவிழியின் வடிவத்தையே சற்று மாற்றி வைத்திருக்கும் என்பதுதான் காரணம். பலருக்கு இது எரிச்சலாக இருக்கும். எத்தனை கெஞ்சினாலும் நான் இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

கல்யாணம் நிச்சயமான ஒரு பெண்ணை அவருடைய அம்மா அழைத்து வந்திருந்தார். பவர் அதிகமில்லை, கனமும் பரவாயில்லை. ஆனால் வரைபடத்தின் கீழ்ப்பாதியில் சிவப்பு தூக்கலாக இருந்தது, அங்கே வளைவு அதிகம் என்று அர்த்தம். கெரட்டோகோனஸ், அதாவது கருவிழி மெலிந்து கூம்பு போலப் புடைக்கும் நோயின் தொடக்கம். சின்ன வயதிலிருந்தே அலர்ஜியால் கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்ததாம். இந்தக் கண்ணில் லேசர் பட்டால் புடைப்பு வேகமாகக் கூடி, பார்வையே கெட்டுப்போகலாம். டாக்டர் வேண்டாமென்று சொல்லிவிட்டார். "ஏம்மா, பவர் கம்மிதானே, நீங்க கொஞ்சம் சொல்லிப் பாருங்களேன்" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பெண்ணின் மூக்குக்கண்ணாடியைக் குறையாகப் பார்க்கும் வழக்கத்தின் மேல்தான் இன்றுவரை கோபம். நோய் கூடினால் ரைபோஃப்ளேவின் என்ற வைட்டமின் சொட்டும் புற ஊதா ஒளியும் கொடுத்து நிறுத்தப் பார்க்கலாம், இனி கண்ணைக் கசக்கவே கூடாது என்று அந்தப் பெண்ணிடம் நேராகச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"லேசர்னா கண்ணு வெந்துடாதா?" என்று பயப்படுபவர்களுக்கு ரங்கசாமி ஸ்ரீனிவாசனைப் பற்றிச் சொல்வேன். சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் வேலை பார்த்த வேதியியலாளர். 1981 நவம்பரில், நன்றி நவிலும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் எக்ஸைமர் லேசரால் வெட்டிப் பார்த்தார். சுற்றியிருந்த திசு கருகவில்லை. 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் மூலக்கூறுகளின் பிணைப்பை உடைத்துத் திசுவை மெல்லிய படலமாக அகற்றுகிறது. பக்கத்துக்குச் சூடு பரவுவதில்லை. பிற்பாடு கண்ணுக்கு வந்தது இந்தக் கண்டுபிடிப்புதான். நம்ம ஊர்க்காரர் என்று கேட்டதும் பலருக்குப் பாதி பயம் தெளிந்துவிடும்.

சரி, யாருக்கு லென்ஸ் போதும்? மேடையேறும் நாட்களில் மட்டும் கண்ணாடி வேண்டாமென்று நினைக்கும் பரதநாட்டியக் கலைஞருக்கு, அன்றன்று போட்டு எறியும் லென்ஸே தாராளம். பவர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் கல்லூரி மாணவருக்கு, குறைந்தது ஒரு வருடமாவது பவர் நிலையாக நிற்கும்வரை லேசர் பேச்சே எடுக்க வேண்டாம். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் காத்திருக்கத்தான் வேண்டும்.

ஆனால் லென்ஸ் என்றால் ஆபத்தே இல்லை என்று நினைப்பது எனக்குக் கவலை தரும். ஹாஸ்டல் குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவுகிறார்கள், அதோடேயே குளிக்கிறார்கள், தூங்குகிறார்கள். அந்தத் தண்ணீரில் இருக்கும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழிக்குள் புகுந்தால் வலி தாங்க முடியாது. வைத்தியம் மாதக்கணக்கில் இழுக்கும், தழும்பு நின்றுவிடலாம். இரவு ஷிஃப்ட் முடிந்து லென்ஸோடு அப்படியே படுத்துவிடும் நர்ஸ் ஒருவரின் அளவுகளெல்லாம் நன்றாக இருந்தன. அவருக்கு லேசர்தான் பாதுகாப்பு என்று எனக்குத் தோன்றியது, டாக்டரிடமும் அதைச் சொன்னேன்.

நாள் முழுக்க ஏசியில் திரையைப் பார்க்கும் ஐடி ஊழியர்களுக்கு இரண்டுமே சிரமம். இமைப்பது குறைந்து கண் உலர்ந்திருக்கும். லென்ஸ் உறுத்தும். மடல் வெட்டும்போது கருவிழி நரம்புகளும் அறுபடுவதால், லாசிக்குக்குப் பிறகு வறட்சி சில மாதங்களுக்குக் கூடும். கீழிமையில் காகிதத் துண்டை வைத்துக் கண்ணீரை அளந்து, முதலில் வறட்சிக்குச் சொட்டு மருந்து, அப்புறம்தான் மற்றது.

என்ன வேலைக்குப் போகப் போகிறீர்கள் என்று இளைஞர்களிடம் கட்டாயம் கேட்பேன். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் ஆக நினைத்த ஒரு தம்பி, கண்ணாடி இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்று லேசருக்கு வந்திருந்தார். லாசிக் செய்தவர்களையும் அந்த வேலைக்கு எடுப்பதில்லை என்பது அவருக்குத் தெரியாது. அந்தத் தேர்வு ஒன்றையே நம்பியிருந்தவர். அதைச் சொல்வது கஷ்டமாக இருந்தது, ஆனாலும் கடன் வாங்கிச் செய்துகொண்ட பிறகு தெரிவதைவிட மேல்.

நாற்பதை நெருங்குபவர்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மைனஸ்காரர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிக்கிற வசதி லேசருக்குப் பிறகு போய்விடும், வாசிப்புக் கண்ணாடி வரும்.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்வது விழித்திரையைப் பற்றி. மைனஸ் கூடுவது பெரும்பாலும் கண்கோளம் நீள்வதால்தான். லேசர் முன்பக்கக் கருவிழியைத்தான் மாற்றுகிறது, நீளம் அப்படியே இருக்கும். இழுபட்டு மெலிந்த விழித்திரையில் ஓட்டை விழவோ அது பிரியவோ உள்ள வாய்ப்பும் குறைவதில்லை. பல வருடம் முன்பு லேசர் செய்துகொண்ட ஒருவர், ஓரத்தில் மின்னல் வெட்டுவது போலத் தெரிகிறது என்று வந்தார். "எனக்குத்தான் பவரே இல்லையே" என்றார். கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டுப் பார்த்தால் விழித்திரையில் ஓட்டை இருந்தது. அன்றைக்கே அதைச் சுற்றி லேசர் வைத்து அடைத்தார்கள், பார்வை தப்பியது. இப்போது சிகிச்சை முடிந்து போகிறவர்களின் அட்டையில் பழைய பவரைப் பெரிதாக எழுதி, வருடத்துக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை, மின்னலோ கரும்புள்ளிகளோ திடீரெனத் தெரிந்தால் அன்றே வரவும் என்று அடியில் கோடிட்டுக் கொடுக்கிறேன்.