ஃபிளேர்னா நெருப்பு மட்டும் இல்ல

அம்மாவுக்கு பல வருஷமா முடக்குவாதம். போன மாசம் டாக்டர் கையைப் பிடிச்சு பார்த்துட்டு "இது ஃபிளேர்தான், மருந்தை மாத்திப் பார்க்கலாம்"னு சொன்னாரு, அடங்கியிருந்த நோய் திடீர்னு தீவிரமாகுறதுக்குத்தான் அந்தப் பேராம். எனக்கு அதுவரைக்கும் ஃபிளேர்னா சூரியன்ல வெடிக்குமே அதுதான், அம்மாவோட விரல் மூட்டுக்கும் சூரியனுக்கும் எப்படி ஒரே பேருன்னு மனசு அதுலயே நின்னுடுச்சு, ராத்திரி உக்காந்து தேட ஆரம்பிச்சேன்.

குபீர்னு பத்திக்கிறதுதான் முதல் அர்த்தம்னு நெனச்சேன், இல்லையாம். 16ஆம் நூற்றாண்டுல இந்த வார்த்தை இங்கிலீஷ்ல வரும்போது தலைமுடியை விரிச்சுப் போடுறதுக்குத்தான் சொல்லியிருக்காங்க, தீயும் வெளிச்சமும் அடுத்த நூற்றாண்டுலதான் வந்து சேருது. அப்போ அடியில இருக்கிறது விரியறது. இது தெரிஞ்சதும் பெல்பாட்டம் பேன்ட்டுக்கு ஏன் அந்தப் பேருன்னு பளிச்சுனு புரிஞ்சுது, கோவத்துல மூக்கு விடைக்கிறதுக்கும் அதே வார்த்தைதான். விமானம் தரையைத் தொடுறதுக்கு கொஞ்சம் முன்னாடி பைலட் மூக்கை லேசா தூக்கி இறங்குற வேகத்தைக் குறைப்பாரே, அதுக்கும் ஃபிளேர்னுதான் பேரு, அதுல நெருப்பே கிடையாது, எனக்கு ரொம்பப் பிடிச்ச அர்த்தம் இதுதான்.

இன்னொன்னு, 1859. அந்த ஏப்ரல்ல அமெரிக்காவுல மார்த்தா காஸ்டன்னு ஒரு அம்மா கப்பலுக்கு கப்பல் ராத்திரியில சேதி சொல்ற கலர் தீவட்டிக்கு பேட்டன்ட் வாங்குறாங்க, அதுக்கும் ஃபிளேர்னுதான் பேரு. செத்துப்போன கணவர் விட்டுட்டுப் போன அரைகுறை குறிப்பை வச்சு சுமார் பத்து வருஷம் பாடுபட்டு முடிச்சது அவங்க, ஆனா கண்டுபிடிச்சவர்னு பேட்டன்ட்ல இருக்கிறது கணவர் பேரு, இதைப் படிச்சப்போ எனக்கு மனசே ஆறல. அதே வருஷம் செப்டம்பர் 1, இங்கிலாந்துல ரிச்சர்ட் கேரிங்டன் சூரியக் கரும்புள்ளிகளை வரைஞ்சுக்கிட்டு இருக்கும்போது திடீர்னு அங்க ரெண்டு வெள்ளை வெளிச்சம் தெரிஞ்சு சில நிமிஷத்துல மறைஞ்சிடுது, மனுஷங்க பார்த்து எழுதி வச்ச முதல் சோலார் ஃபிளேர் அதுதான். ஒரு நாள்கூட ஆகல, பூமியில காந்தப் புயல், தந்திக் கம்பியில தீப்பொறி பறந்திருக்கு.

எண்ணெய்க் கிணத்துல மிச்ச வாயுவை எரிக்கிறது, ஏவுகணையை ஏமாத்த போர் விமானம் உதிர்த்து விடுற தீ, வெளிச்சத்துக்கு நேரா கேமராவைப் பிடிச்சா போட்டோவுல விழுற வட்டம் வட்டமான ஒளி, எல்லாம் இதே பேருதான். இதெல்லாம் flare, திறமை, நேர்த்தின்னு சொல்ற ஃபிளேர் (flair) மட்டும் வேற ஸ்பெல்லிங், வேற வார்த்தை, அது மோப்பம் பிடிக்கிறதுலேர்ந்து வந்தது, தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணாயிடும்.

நாம இதுக்கெல்லாம் தனித்தனியா வார்த்தை வச்சிருக்கோம். முடி விரியும், மூக்கு விடைக்கும், தீ குபீர்னு பத்தும், பாவாடை குடை மாதிரி விரியும். ஒரே வார்த்தையில எல்லாத்தையும் அடக்குறதை விட எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு, ஒவ்வொண்ணும் என்ன பண்ணுதுன்னு கண்ணு முன்னாடி தெரியுது.

டாக்டர்கிட்ட காட்ட ஒரு நோட்டு போட்டிருக்கேன், வலி வர்ற தேதியில எல்லாம் ஃபிளேர்னு எழுதி வைக்கிறேன். அம்மா அந்த வார்த்தையை சொல்றதே இல்ல. காலையில விரலை மடக்கிப் பார்த்துட்டு "கெளம்பிடுச்சுடா"ன்னு மட்டும் சொல்லுவாங்க, நான் நோட்டை எடுப்பேன்.