ஒட்டிய இடம் தெரியட்டும்

கும்பகோணத்தில் நான் வேலை பார்க்கும் ஸ்டுடியோவுக்கு வரும் பழைய படங்களில் பெரும்பாலானவை சுவரிலிருந்து இறங்கிய கையோடு வருபவை. கண்ணாடியின் மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும். பின்பக்க அட்டையைப் பிரித்தால் பல்லி முட்டை ஓடு, கரையான் மண், சட்டம் போட்டுக் கொடுத்த கடையின் ரசீது. படம் மட்டும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டாவின் சுவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பது இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். படத்தின் மேல் பூசியிருக்கும் ஜெலட்டின் அந்த ஈரத்தில் ஊறி இளகும். வெயில் வந்ததும் கண்ணாடியைப் பிடித்தபடியே காய்ந்துவிடும். வீட்டில் யாராவது பிளேடு விட்டு நெம்பிப் பார்த்திருப்பார்கள். நெற்றியோ ஒரு கண்ணோ கண்ணாடியிலேயே தங்கிப்போயிருக்கும்.

அதனால் எங்களிடம் வந்த படத்தை நாங்கள் பிரிப்பதில்லை. கண்ணாடியைத் துடைத்து, இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, மேலிருந்து கேமராவில் பிரதி எடுத்துக்கொள்கிறோம். பிறகு நடக்கும் வேலை எல்லாம் அந்தப் பிரதியில்தான். மூலப் படத்தில் தூரிகை படக்கூடாது என்பது முதலாளியின் கட்டளை.

அவர் இருட்டறையில் தொழில் கற்றவர். கூராகச் சீவிய பென்சிலால் நெகட்டிவில் முகத்துக் கறைகளை நிரப்புவதும், பிரிண்டில் விழுந்த வெள்ளைப் புள்ளிகளை மெல்லிய தூரிகையால் அடைப்பதும் அவருக்குச் சோறு போட்ட வேலைகள். இல்லாதவரை இருப்பவரோடு சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டு வருபவர்களுக்கு அந்தக் காலத்தில் குறைவே இல்லை. மகள் கல்யாணத்துக்கு முன்பே தகப்பனார் போய்விட்டால், எங்கேயோ எடுத்த படத்திலிருந்து அவர் தலையைக் கத்தரித்து, வேறொருவர் உடம்பில் ஒட்டி, மறுபடி படம் பிடித்து, ஓரங்களைத் தீட்டி மறைத்துக் கொடுப்பார்கள். டெல்டாவின் பல கூடங்களில் அப்படிப்பட்ட படங்கள் இன்றும் தொங்குகின்றன. அவற்றில் சில அவர் கையால் ஆனவை. இப்போது அவர் அந்த வேலையை ஏற்பதில்லை. சேர்க்கலாம், ஆனால் ஒட்டிய இடம் பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்கிறார்.

சேர்ந்த புதிதில் இது எனக்கு விளங்கவில்லை. ஒட்டு தெரியாமல் ஒட்டுவதுதானே கைத்திறன் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு பழைய படத்தின் நகலைக் காட்டினார். லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசுக்காக 1858-இல் தஞ்சாவூரையும் திருவையாற்றையும் படம் எடுத்தார். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை எந்த லென்ஸும் ஒரே பார்வையில் அடக்காது. டிரைப் அதைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 பிரிண்டுகளை வரிசையாக ஒட்டினார். மொத்த நீளம் ஏறத்தாழ 19 அடி. அன்றைய ரசாயனத்தில் வானம் வெறும் வெள்ளையாகவே விழும் என்பதால், இதே டிரைப் வேறு நெகட்டிவ்களில் மேகங்களை வரைந்து சேர்த்தவரும்கூட. "மேகத்தை விடு தம்பி, கல்வெட்டை ஒட்டியிருக்கிற விதத்தைப் பார்" என்றார் முதலாளி. எங்கே நின்றார், எங்கே நகர்ந்தார், கேமராவை எங்கே இறக்கி வைத்தார் என்று அந்த இணைப்புகளிலிருந்தே ஊகிக்க முடிகிறது. அவர் செய்த வேலையே அங்கே கண்ணுக்குத் தெரிகிறது. அன்றிலிருந்து நானும் முதலாளியின் கட்சி.

எங்கள் பக்கத்துப் பழைய படங்களில் கடல் கடந்து வந்தவை ஏராளம். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் ஓடிய காலம் அது. 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு இந்தப் பாதையில் ஆட்களை ஏற்றி இறக்கியது. போனவர்கள் கையில் காசு சேர்ந்ததும் அங்கே ஒரு ஸ்டுடியோவில் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். மனைவி இங்கே, கணவன் அங்கே. இருவரும் சேர்ந்து நின்ற படம் ஒன்றுகூட இல்லாத குடும்பங்கள் உண்டு.

திருவிடைமருதூர்ப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா கொண்டுவந்தது அப்படி ஓர் இணை. பினாங்கில் எடுத்த படத்தில் அவருடைய அப்பாவுக்கு வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். நாற்காலி முதுகில் ஒரு கை, முழங்கால் தெரியாத நீள வேட்டி, புதுச் செருப்பு. அவரைப் பெற்ற அம்மாவின் படமோ கடைசிக் காலத்தில் ஏதோ அடையாள அட்டைக்காக எடுத்தது. இரண்டையும் சேர்த்து ஒரே படமாக்கித் தரக் கேட்டார். கணினியில் அரை நாள் வேலை. ஆனால் செய்து பார்த்தால் பாட்டியும் பேரனும் நிற்பதுபோல் இருக்கும். அம்மாவின் முகத்தை இளமையாக்கலாம் என்றால், அவர் இளமையில் எப்படி இருந்தார் என்று அந்த மகளே பார்த்ததில்லை. நாமாக ஒரு முகத்தை வரைந்து, இதுதான் உங்கள் அம்மா என்று கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

வீட்டில் கடிதங்கள் இருக்கின்றனவா என்று கேட்டேன். மறுமுறை வரும்போது மஞ்சள் பையில் ஒரு கட்டு ஏர்மெயில் கடிதங்கள் வந்தன. அவற்றைப் பார்த்த பிறகுதான் துணியில் சயனோடைப் செய்யலாம் என்று முடிவெடுத்தோம்.

சயனோடைப் என்பது வெயிலில் நீல நிறப் படம் அச்சிடும் முறை, 1842-இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது. பொறியாளர்களின் பழைய நீல வரைபடங்கள் எல்லாம் இந்த வழியில் வந்தவைதான். பெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் பெர்ரிசயனைடு என்ற இரண்டு உப்புகளைத் தனித்தனியே தண்ணீரில் கரைத்து, பூசுவதற்கு முன் கலக்க வேண்டும். கஞ்சி போக அலசிய பருத்தித் துணியில் இரவில் மங்கிய மஞ்சள் விளக்கில் பூசி, இருட்டிலேயே உலர்த்துவோம். பழைய படத்தைப் பிரதி எடுத்து, ஒளி ஊடுருவும் தாளில் நெகட்டிவாக அச்சிட்டு, துணிமேல் வைத்துக் கண்ணாடியால் அழுத்தி மொட்டை மாடிக்குக் கொண்டுபோவோம். மாசி, பங்குனி வெயிலில் பத்து நிமிடம் போதும். பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும் துணி மெல்லச் சாம்பல் நிறத்துக்கு மாறும். அதைத் தண்ணீரில் போட்டதும் மஞ்சள் கரைந்து ஓட, அடியிலிருந்து நீலம் எழும். முதலில் சட்டைப் பித்தான், பிறகு மீசை, கடைசியாகக் கண். எத்தனை தரம் செய்தாலும் அந்த நேரத்தில் மாடியில் யாரும் பேசுவதில்லை. எங்கள் போர்த் தண்ணீர் காரம் மிகுந்தது, நீலத்தைத் தின்னும். அதனால் அலசும் தொட்டியில் எலுமிச்சைச் சாறு பிழிந்துவிடுகிறோம்.

கருப்பூரிலும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கலம்காரி, அதாவது துணியில் சாயத்தால் தீட்டும் ஓவியம், வரைபவர்கள் இருக்கிறார்கள். கருப்பூர்க் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியைக் கடுக்காயில் ஊற வைப்பது அவர்களுடைய பழைய முறை. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேரும் இடத்தில் கறுப்பு பிறக்கும். சயனோடைப்பின் நீலமும் இரும்பின் நிறம்தான் என்பதால், கடுக்காய்ச் சாறு அதையும் கறுப்பை நோக்கி இழுக்கும். அந்த ஊர்க் கலைஞர் ஒருவரிடம் பதம் கேட்டுக்கொண்டு வந்து செய்து பார்த்தோம்.

இப்போது அந்தத் துணியில் அப்பா நல்ல நீலத்தில் நிற்கிறார். அம்மா கடுக்காய் ஏறிய கருநீலத்தில், தனித் துண்டில் இருக்கிறார். நடுவில் ஒரு கடிதம், அதன் மடிப்புகளோடு, 'நலம். நலமறிய அவா' என்ற முதல் வரியோடு அச்சாகியிருக்கிறது. மூன்று துண்டுகளையும் சேர்த்த தையல் வெளியில் தெரிகிறது. கொண்டுவந்த மகள் முதலில் படத்தைப் பார்க்கவில்லை, கடிதத்தைத்தான் படித்தார்.

தங்க ரேக்கும் கல்லும் வைத்துத் தஞ்சாவூர்ப் பாணியில் செய்து கொடுங்கள் என்றும் பலர் கேட்கிறார்கள். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் குழைத்து மேடு கட்டி, அதன்மேல் ரேக்கு ஒட்டும் அந்த வேலை சாமிப் படத்துக்கு அமைந்த வேலை. சாம்பல் நிற மனித முகத்தைச் சுற்றி அவ்வளவு பொன் வைத்தால் முகம் அணைந்துவிடும். பாட்டியின் படம் என்றால் மூக்குத்தியில் ஒரு புள்ளி, புடவைக் கரையில் ஒரு கோடு, அத்தோடு நிறுத்துவது என் வழக்கம். வாடிக்கையாளருக்கு முதலில் மனக்குறைதான். கூடத்தில் மாட்டி ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று அனுப்புகிறேன்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. ஓடும் கூரையும் போன வீடுகளிலிருந்து ஊறிய கல்யாண ஆல்பங்கள் எங்களிடம் வந்தன. கலர் பிரிண்டில் மூன்று சாய அடுக்குகள் உண்டு: மேலே பச்சை கலந்த நீலம், நடுவில் கருஞ்சிவப்பு, தாளை ஒட்டி மஞ்சள். தண்ணீரில் ஊறி ஜெலட்டின் அழுகும்போது மேலடுக்குதான் முதலில் கரையும். அதனால் நனைந்த படங்கள் செக்கச்சிவந்து, பிறகு மஞ்சளாகி, இறுதியில் வெறும் வெள்ளைத் தாளாகின்றன. வேதாரண்யம் பக்கத்துத் தம்பதி கொண்டுவந்த ஒரு படத்தில் மணமகன் முகம் இல்லை, மணமகள் முகமும் இல்லை. செம்மஞ்சள் குழம்பின் நடுவே கோத்த இரண்டு கைகள் மட்டும் தப்பியிருந்தன. பெண்ணின் கையில் மருதாணிகூடத் தெளிவாக இருந்தது. வேறு படத்திலிருந்து முகங்களை எடுத்து வைத்துக் கொடுக்க முடியுமா என்று கணவர் கேட்டார். மனைவி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தப் படத்தை, கரைந்து ஓடிய சாயம் உட்பட, எதையும் திருத்தாமல் மூன்றடி அகலத்துக்குப் பெரிதாக்கிக் கொடுத்தோம். நான் இந்தத் தொழிலில் செய்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான், நான் சேர்த்தது எதுவுமே அதில் இல்லை என்றாலும்.

இப்போது கைப்பேசிச் செயலிகள் நொடியில் பழைய படத்துக்கு நிறம் ஏற்றி, கீறலை அழித்து, முகத்தைப் பளபளப்பாக்கித் தருகின்றன. பிள்ளைகள் அதைச் செய்து எடுத்துக்கொண்டு வந்து, பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தரக் கேட்கிறார்கள். ஒரு படத்தில் பாட்டியின் இடது மூக்குத்தியைக் கறை என்று எண்ணி எந்திரம் துடைத்துவிட்டிருந்தது. இன்னொன்றில் தாத்தாவின் அம்மைத் தழும்புகள் காணோம். இந்தியாவில் பெரியம்மை 1975-க்குப் பிறகு இல்லை. அந்தத் தழும்புகள் அவர் எந்தக் காலத்து மனிதர், எதிலிருந்து பிழைத்து வந்தவர் என்று சொல்லிக்கொண்டிருந்தவை. அவை போன முகம் அவர் சாடையில் இருக்கும் வேறு யாரோ ஒருவருடையது. நான் மூலப் படத்தைக் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். அநேகமாகப் பிள்ளைகளே, தழும்போடு இருக்கட்டும் என்று சொல்லிவிடுகிறார்கள்.

இந்த வாரம் மேசையில் இருப்பது திருவாரூர்ப் பக்கத்து வீடு ஒன்றின் குழுப் படம். திண்ணையில் மூன்று வரிசையாக ஆட்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் துணியில் எடுத்து, அந்த வீட்டுப் பழைய புடவைகளின் துண்டுகளோடு தைத்து, ஒரு பெரிய திரைச்சீலையாக்கித் தரப் போகிறோம். நடு வரிசை ஓரத்தில் ஒரு பெண் நிற்கிறார், இடுப்பில் குழந்தை. யாரென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அவரை விட்டுவிடுங்கள் என்றார்கள். குழந்தையை எல்லாருக்கும் தெரிகிறது, அது அவர்கள் தாத்தா. தூக்கி வைத்திருக்கும் கையை வெட்டி எறிந்துவிட்டுக் குழந்தையை மட்டும் நான் எப்படி எடுப்பது? வீட்டில் யார் மூத்தவர் என்று கேட்டேன். தொண்ணூறைத் தாண்டிய அப்பாயி ஒருவர் மன்னார்குடியில் மகள் வீட்டில் இருக்கிறாராம். பெரிதாக அச்சிட்ட ஒரு பிரதியையும், பின்பக்கம் பெயர் எழுத ஒரு பென்சிலையும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பேனா மை முன்பக்கத்துக்கு இறங்கிவிடும். அவர்கள் திரும்பி வரும்வரை துணியில் மருந்து பூச வேண்டாம் என்று முதலாளியும் சொல்லிவிட்டார்.