லாகின் ஆச்சு, எழுதத்தான் முடியவில்லை

போன மாதம் ஆரம்பித்த ஐஸ்கஸி வேலை இந்த வாரம் கொஞ்சம் நகர்ந்தது. வேறொரு மெஷினில் இருக்கும் டிஸ்க்கை நெட்வொர்க் வழியாக நம்முடையது போலவே பயன்படுத்த வைக்கும் புரோட்டோகால் அது. அதற்கு பைத்தானில் ஒரு குட்டி இனிஷியேட்டர், அதாவது டிஸ்க்கைக் கேட்கும் பக்கத்தின் புரோகிராம், எழுதுகிறேன். டிஸ்க்கைக் கொடுக்கும் பக்கமான டார்கெட், பழைய டெஸ்க்டாப்பில் ஓடும் லினக்ஸ். போர்ட் 3260. எங்கள் சென்னிமலைத் தெருவில் தறிச்சத்தம் ஓய்ந்த பிறகுதான் உட்கார முடிகிறது.

லாகினில், செய்தியின் தலைப்பகுதியான 48 பைட் ஹெடருக்குப் பின்னால் ‘பெயர்=மதிப்பு’ என்று வெறும் எழுத்துகள்தான் போகின்றன. ஒவ்வொரு ஜோடியின் முடிவிலும் ஒரு பூஜ்ய பைட். மொத்தம் 4-இன் மடங்காக வராவிட்டால் பூஜ்யங்களால் நிரப்ப வேண்டும், ஆனால் நீளக் கணக்கில் அந்த நிரப்பலைச் சேர்க்கக் கூடாது. நான் சேர்த்தேன். ஒரு ராத்திரி போச்சு.

அப்புறம் பேரம், எந்த அளவு, எந்த விதி என்று இரண்டு பக்கமும் ஒத்துப்போவது. சின்ன வயதில் அப்பிச்சியோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்குப் போனால், துண்டுக்கடியில் விரலைப் பிடிப்பதும் உதறுவதும் மறுபடி பிடிப்பதுமாக அரை மணி நேரம் ஓடும். இங்கே ஒரு கேள்வி, ஒரு பதில், அவ்வளவுதான். ஒரு தொடரில் அதிகபட்சம் எத்தனை பைட் போகலாம் என்னும் மேக்ஸ்பர்ஸ்ட்லெங்த் 1048576 என்றேன்; டார்கெட் 262144 என்றது. சின்னதுதான் செல்லும். ஆம், இல்லை வகையில்தான் குழம்பினேன். கட்டளையோடே டேட்டாவையும் அனுப்பும் இமீடியட்டேட்டாவுக்கு இரண்டு பேரும் ஆம் சொல்ல வேண்டும். இனிஷியல்ஆர்2டிக்கு ஒருவர் சொன்னாலே போதும். ‘நான் கேட்ட பிறகு அனுப்பு’ என்பது அதன் பொருள் என்று புரிந்ததும் சரியாகப் பட்டது. பயப்படுகிறவன் பேச்சுதான் எடுபடும்.

லாகின் முடிந்தது. படிக்க முடிந்தது. 4 கேபி எழுதினால் போனது. 16 கேபி எழுதினால் டார்கெட் இணைப்பையே அறுத்தது. மூன்று நாள் இதே கதை. “கண்ணு, இன்னும் அந்தப் பொட்டியக் கட்டிட்டு அழுவறயா?” என்று அம்மா வேறு.

நெட்வொர்க்கில் போவதைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் லாகின் பதிலை வரிவரியாகப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது: மேக்ஸ்ரிசீவ்டேட்டாசெக்மென்ட்லெங்த்=8192. இதில் பேரமே கிடையாது. ‘என்னால் ஒரு தடவைக்கு இவ்வளவுதான் வாங்க முடியும்’ என்று அவரவர் அறிவிப்பது. இதே பெயரில் நான் அறிவித்திருந்த 262144 எனக்கு வருவதற்கான அளவு. என் கோடோ அதையே நான் அனுப்புவதற்கும் வைத்துக்கொண்டது. 8192 தாங்குகிறவன் தலையில் 16384-ஐ ஒரே மூட்டையாகப் போட்டால் அறுக்காமல் என்ன செய்வான்? படிப்பது மட்டும் ஏன் ஓடியது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

இப்போது இரண்டு வேரியபிள், வருவதற்கு ஒன்று, போவதற்கு ஒன்று. முதல் 8192 கட்டளையோடு போகிறது, மீதிக்கு டார்கெட் ‘இப்போது அனுப்பு’ என்னும் ஆர்2டி செய்தி அனுப்பிக் கேட்கிறது. 16 கேபியை எழுதித் திரும்பப் படித்து ஒப்பிட்டேன், ஒரு பைட்கூட மாறவில்லை. அடுத்தது சாப் பாஸ்வேர்ட் கட்டம். அதை ஞாயிற்றுக்கிழமை தொட வேண்டும்.