நானோ துகளும் படிகமும்: ஆய்வக நாட்குறிப்பு

மார்ச் 4

முதலில் எதுவும் கலக்காத பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக். மெல்லிய படலத்தை 200 டிகிரியில் உருக்கி ஐந்து நிமிடம் அப்படியே வைத்தேன். பழைய படிகத்தின் மிச்சம் துளி இருந்தாலும் புதுப் படிகம் அதிலிருந்தே கிளம்பிவிடும். அப்புறம் 130 டிகிரிக்கு இறக்கிவிட்டு நுண்நோக்கியில் காத்திருந்தேன். முனைவுற்ற ஒளியில், இருட்டுக்குள் ஒரு புள்ளி, கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. ஒவ்வொன்றும் நடுவே கறுப்புச் சிலுவையோடு வட்டமாக விரிந்து, பக்கத்து வட்டத்தில் முட்டி நின்றது. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை.

மார்ச் 6

இன்று அதே பிளாஸ்டிக்கில் 1% கார்பன் நானோகுழாய் (கார்பனாலான மிக நுண்ணிய குழாய்கள்) கலந்தது. வட்டம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை! பரப்பு முழுக்க ஒரே நேரத்தில் பொடிப்பொடியாக ஒளிர்ந்தது. உருகிய பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் தாமாகவே கூடி, படிகம் தொடங்கும் ஒரு கருவை உண்டாக்குவது கடினம். குழாயின் சுவர் கிடைத்தால் அதன்மேல் படிந்து எளிதில் தொடங்கிவிடுகின்றன. நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் குளிர்வித்தபோது, படிகமாகையில் வெளிவரும் வெப்பத்தின் உச்சம் வெறும் பிளாஸ்டிக்குக்கு 112 டிகிரியில் வந்தது, இதற்கு 123. அச்சில் வார்ப்பவருக்கு இது பெரிய விஷயம்: பொருள் சீக்கிரம் இறுகும், சீக்கிரம் வெளியே எடுக்கலாம். ஆனால் பிளாஸ்டிக்கில் படிகமான பங்கு ஏறக்குறைய அதேதான். முந்தித் தொடங்குவது வேறு, அதிகம் படிகமாவது வேறு.

மார்ச் 7

குழாய்கள் கொத்தாகத் திரண்ட மாதிரியில் உச்சம் அவ்வளவு ஏறவில்லை. கொத்துக்குள் மறைந்த பரப்பு எதற்கும் உதவாது. திரும்பக் கலக்க வேண்டும்.

மார்ச் 11

இன்று குழாய்க்குப் பதில் 10% சிலிக்கா நானோ துகள். உருகல் வெப்பம் (படிகங்களை உருக்கத் தேவைப்பட்ட வெப்பம்) கிராமுக்கு 90 ஜூல். வெறும் பிளாஸ்டிக்குக்கு 99. முழுப் படிகத்துக்கு 207 என்று வைத்துக் கணக்கிட்டு, படிகமான பங்கு 48 சதவீதத்திலிருந்து 43 ஆகக் குறைந்துவிட்டது என்று எழுதி வைத்தேன். மாலையில்தான் உறைத்தது. ஒரு கிராம் மாதிரியில் பிளாஸ்டிக் 0.9 கிராம்தான், சிலிக்கா அந்த வெப்பநிலையில் உருகவே உருகாது. 90-ஐ 0.9-ஆல் வகுத்தால் 100. குறையவே இல்லை! சிலிக்கா போன்ற நிரப்பியின் எடையைக் கழிக்காத எண்ணை இனி அட்டவணையில் ஏற்றமாட்டேன்.

மார்ச் 13

அதே சிலிக்கா மாதிரி, நுண்நோக்கியில் 130 டிகிரி. வட்டங்களின் ஆரம் வெறும் பிளாஸ்டிக்கைவிட மெதுவாகவே கூடுகிறது. துகள்கள் நெருங்கிக் கிடக்கும்போது, அவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் சங்கிலிகளால் சுலபமாக அசைய முடிவதில்லை. வளரும் படிகம் துகள்களைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. சரி, துகளைக் குறைத்தால்? நாளைக்கு 2% சிலிக்காவை உருக்குகிறேன்.