பாய் ஏன் குழுவை விட்டுப் போனார்

2021 ஊரடங்கு சமயத்தில் ஆரம்பித்த ஒரு டெலிகிராம் குழுவுக்கு நான் அட்மின். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர் என்று பழைய வட ஆற்காட்டு ஆட்கள் 640 பேர் இருக்கிறோம். தொழில்நுட்பச் செய்தி மட்டும்தான் பேச வேண்டும். அரசியல் கூடாது, ஜாதி கூடாது, குட்மார்னிங் படம் கூடாது. தோட்டப்பாளையத்தில் எனக்கு ஒரு லேப்டாப் சர்வீஸ் கடை, காலையில் ஷட்டர் தூக்கியதும் முதல் வேலை ராத்திரி குழுவில் என்ன நடந்தது என்று மேலிருந்து கீழே படிப்பதுதான்.

ஆரம்பத்தில் அம்மாவுக்கு ஒரே பயம். எவனோ எதையோ போட்டுவிட்டுப் போவான், போலீஸ் உன்னைத்தான் தேடி வரும் என்பார். 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வெறும் அட்மினாக மட்டும் இருப்பவரை அடுத்தவர் போட்ட பதிவுக்காக வழக்கில் சேர்க்க முடியாது என்று சொன்னதைக் காட்டிய பிறகுதான் கொஞ்சம் சமாதானம் ஆனார். ஆனால் சட்டப்படி பொறுப்பு இல்லை என்பதும் பொறுப்பே இல்லை என்பதும் ஒன்றல்ல என்று எனக்குப் புரிய இன்னும் இரண்டு வருடம் ஆனது. அந்தக் கதையைத்தான் எழுத வந்தேன்.

முதலில் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ட்ரோல் என்றால் நம் ஊரில் கேலி செய்வது, மீம் போட்டு ஓட்டுவது என்று ஆகிவிட்டது. இணையத்தில் அந்தச் சொல் புழக்கத்துக்கு வந்தபோது அதற்குப் பின்னால் இருந்தது மீன்பிடி. மெதுவாகப் போகும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டே போவதற்கு ஆங்கிலத்தில் அப்படி ஒரு பெயர் உண்டு. எந்த மீன் கடிக்கிறது என்பது அவனுக்கு முக்கியம் இல்லை, ஏதாவது ஒன்று கடித்தால் சரி. இதை மனதில் வைத்துக்கொண்டால் யார் ட்ரோல், யார் வெறுமனே மாற்றுக் கருத்து சொல்பவர் என்று பிரிக்க முடிகிறது. கெட்ட வார்த்தையை வைத்துப் பிரிக்கவே முடியாது, எங்கள் ஊரில் பாசமாகப் பேசினாலே அதில் ரெண்டு வரும்.

வெளிப்படையாக வருகிற அசிங்கத்தைக் கையாள்வது சுலபம். 2022 மார்ச் கடைசியில், வேலூரிலேயே, வீட்டில் சார்ஜ் போட்டிருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ராத்திரியில் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு அப்பாவும் அவருடைய மகளும் இறந்துபோனார்கள். அன்றைக்குக் குழுவில் யாருக்கும் சாதாரணமாகப் பேச வரவில்லை. அந்தச் செய்திக்குக் கீழே ஒருவன் சிரிக்கும் ஸ்டிக்கர் ஒன்றைப் போட்டான். பத்து நொடி கூட ஆகியிருக்காது, ஸ்டிக்கரையும் அழித்தேன், அவனையும் வெளியே அனுப்பினேன். யோசிக்க ஒன்றுமே இல்லை.

அதன் பிறகு நடந்த பேச்சு எங்கள் குழுவில் நடந்ததிலேயே உருப்படியான பேச்சு. ஓய்வு பெற்ற மின்வாரிய இன்ஜினியர் ஐயா ஒருவர் பொறுமையாக விளக்கினார்: நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்எம்சி வகை லித்தியம் செல் சுமார் 210 டிகிரியில் கட்டுப்பாடு இழந்து தானாகவே சூடேற ஆரம்பிக்கும், இரும்பு பாஸ்பேட் போட்ட எல்எஃப்பி வகை சுமார் 270 வரை தாங்கும், எல்எஃப்பியில் எடை கூடும், ஓடும் தூரம் குறையும், அதனால்தான் கம்பெனிகள் முன்னதைப் போட்டார்கள் என்று. ஏஐஎஸ்-156 என்ற பேட்டரி பாதுகாப்பு விதியை அரசு கடுமையாக்கி 2022 டிசம்பரில் ஒரு கட்டம், 2023 மார்ச்சில் அடுத்த கட்டம் என்று கொண்டுவந்தபோதும் அவர்தான் வரி வரியாகப் படித்துச் சொன்னார். எலெக்ட்ரிக் வண்டியே கூடாது என்று சொன்னவர்களும் இருந்தார்கள், கோபமாகவே சண்டை போட்டார்கள். அவர்களில் ஒருவரைக்கூட நான் ட்ரோல் என்று சொல்ல மாட்டேன். பதில் கிடைத்தால் படித்தார்கள், இல்லை என்றால் மறுபடி கேட்டார்கள்.

இப்போது பாய் கதைக்கு வருகிறேன். காகிதப்பட்டறையில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். முப்பது வருடம் கார்புரேட்டர் கழுவிய கை. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் பெருகியதும் யாரிடமும் போய்ப் படிக்காமல், ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துத் தானாகவே பேட்டரி வேலை கற்றுக்கொண்டவர். குழுவில் அதிகம் பேச மாட்டார். 2024 கத்திரி வெயிலில் ஒரு நாள் இப்படி எழுதினார்:

"வன்டி வெயிள்ள ஓட்டிட்டு வந்து உடனே சார்ஜ் போடாதிங்க. 1 மனி நேரம் ஆரட்டும். வேர கம்பனி சார்ஜர் வேன்டாம். ராத்ரி வீட்டு உள்ள போடாதிங்க."

நான்கே வரி. வேலூர் வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டுகிற ஒவ்வொருவரும் கண்ணாடி மேல் ஒட்டி வைக்க வேண்டிய நான்கு வரி. அதற்குக் கீழே ஒருவர் வந்தார். "ஆரட்டுமா, ஆறட்டுமா? முதல்ல ழ ள ல கத்துக்குங்க பாய், லித்தியம் அப்புறம் கத்துக்கலாம்." அப்புறம், "ஆய்வுக் கட்டுரை லிங்க் இருக்கா?" பாய் உப்பிப்போன ஒரு பேட்டரியின் போட்டோ போட்டார். "ஒரே ஒரு பேட்டரியைப் பார்த்துட்டு ஊருக்கே பாடமா, நல்லா உருட்டறீங்க." அதற்கு இருபத்திச் சொச்சம் பேர் சிரிப்பு போட்டிருந்தார்கள். அதில் ஒன்று என்னுடையது. அன்றைக்கு நானும் விவாதத்தில் ஒரு பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தேன், எலெக்ட்ரிக் வண்டியை ஆதரித்து. பாய் சொன்னது எனக்கு எதிர்ப்பக்கம் போல இருந்தது, அதனால் அந்தக் கேலி எனக்கு வசதியாக இருந்தது.

பாருங்கள், எந்த விதியும் மீறப்படவில்லை. வசவு இல்லை, ஜாதி இல்லை, ஆதாரம்கூடக் கேட்டிருக்கிறார். யாராவது புகார் சொல்லியிருந்தாலும் நான் ஒன்றும் செய்திருக்க மாட்டேன். மறுநாள் காலையில் கடையில் உட்கார்ந்து அட்மின் பதிவேட்டைப் பார்த்தேன். டெலிகிராமில் 48 மணி நேரத்துக்கு யார் வந்தார், யார் போனார், எது அழிந்தது எல்லாம் அதில் தெரியும். ராத்திரி 11.20க்கு பாய் வெளியேறியிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் கடைக்குப் போனேன். மேஜை மேல் ஒரு பேட்டரி பாக் பிரித்துக் கிடந்தது. நீல உறை போட்ட செல்கள் வரிசை வரிசையாக, மேலே நிக்கல் பட்டை, நெயில்பாலிஷ் திறந்து வைத்த மாதிரி ஒரு வாடை. "உக்காரு தம்பி" என்று ஸ்டூலைத் தள்ளிவிட்டு மல்டிமீட்டரை எடுத்தார். மொத்தம் பதிமூன்று வரிசை. 3.71, 3.70, 3.72 என்று ஒவ்வொன்றாக வைத்துக் காட்டிக்கொண்டே வந்தார், ஒன்பதாவது வரிசையில் 1.14 என்று காட்டியது. "இது செத்துப்போச்சு. இத வெச்சிக்கினு மறுபடி சார்ஜ் ஏத்துனா உள்ளாறயே ஷார்ட் ஆவும். பிஎம்எஸ் போர்டு, பேட்டரிய காவல் காக்குற போர்டு, அது இருந்தா சார்ஜ் ஏத்தவே உடாது. இங்க பாரு, எவனோ போர்ட தாண்டி நேரா ஒயர் குடுத்துக்கிறான்." சிவப்பு ஒயர் ஒன்று, கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, போர்டை விட்டு விலகி நேராகப் போயிருந்தது. அந்த வண்டி சத்துவாச்சாரியில் ஒரு வீட்டில் ராத்திரி முழுக்க கூடத்தில் நின்று சார்ஜ் ஆகிக்கொண்டிருந்த வண்டி. அந்த வீட்டில் இரண்டு குழந்தைகள். அப்படி எத்தனை வண்டி பார்த்தீர்கள் என்று கேட்டேன். விரலை மடக்கி எண்ணிவிட்டு, இந்த வருஷம் ஏழு என்றார்.

ஆய்வுக் கட்டுரை கேட்டவருக்கு இதைத்தான் அவர் சொல்லியிருப்பார், விட்டிருந்தால்.

ஏன் பாய் போயிட்டீங்க, கோபமா என்று கேட்டேன். "கோவம்லாம் இல்ல தம்பி. எம் பொண்ணு அந்த குரூப்ல கீது. படிச்சிட்டு எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. அதான்." இதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டீ வந்தது, குடித்தோம்.

வீட்டுக்கு வந்து அன்று ராத்திரி வெகு நேரம் படித்துக்கொண்டிருந்தேன், மற்றவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று. ஸ்லாஷ்டாட் என்று 1997இல் தொடங்கிய தொழில்நுட்பச் செய்தித் தளம் ஒன்று. அங்கே சாதாரண உறுப்பினர்களுக்கே சில நாள் மட்டும் செல்லுபடியாகும் ஐந்து புள்ளிகளைக் கொடுப்பார்கள். அதை வைத்து அடுத்தவர் எழுதியதை ஏற்றலாம், இறக்கலாம், காரணத்தையும் ஒரு சொல்லில் குறிக்க வேண்டும். எனக்குச் சுருக்கென்று தைத்தது வேறொரு விதி: ஒரு விவாதத்தில் நீங்கள் வாய் திறந்துவிட்டால் அதே விவாதத்தில் அந்தப் புள்ளியைப் பயன்படுத்த முடியாது. ஆடுகிறவன் அம்பயராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அதைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன், மூன்று வருடமாக.

மறுநாள் குழுவில் நடந்ததை முழுக்க எழுதினேன், என் சிரிப்பையும் சேர்த்து. இனி வாரத்துக்கு இரண்டு பேர் மாற்றி மாற்றிக் கவனிப்பார்கள், தாங்கள் பேசுகிற விவாதத்தில் அவர்கள் கை வைக்கக் கூடாது, அந்த நேரத்தில் மற்றவர் பார்ப்பார். எழுத்துப் பிழையைப் பிடித்துக் கேலி செய்தால் முதல் முறை தனியாகச் சொல்வோம், இரண்டாம் முறை ஒரு வாரம் பேச முடியாது. கைத்தொழில் அனுபவத்திலிருந்து பேசுகிறவரிடம் கேள்வி கேட்கலாம், கட்டாயம் கேட்க வேண்டும், ஆனால் அவர் பதில் சொன்னால் அந்தப் பதிலைப் பற்றித்தான் அடுத்த வரி இருக்க வேண்டும். இந்தக் கடைசி விதிதான் என் கணக்கில் முக்கியம். தூண்டில்காரனால் இதை மட்டும் செய்ய முடியாது. ஒரு பதிலை விட்டு அடுத்த கேள்விக்குத் தாவிக்கொண்டே இருப்பான். பாயிடம் கேலி பேசியவருக்கும் இதைத்தான் தனியாக எழுதினேன், மூன்று முறை. கருத்துச் சுதந்திரம் என்றார். நான்காம் முறை அவரை நீக்கினோம். இருபது பேர் அவருக்கு முட்டுக் கொடுத்தார்கள், ஒன்பது பேர் வெளியேயும் போனார்கள். பரவாயில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு முதல் சோதனை சீக்கிரமே வந்தது. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் நேரப்படி காலை 9.39க்கு க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட் உலகம் முழுக்க விண்டோஸ் மெஷின்களை நீலத்திரையில் தள்ளியது. 10.57க்கு அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள், ஆனால் ஏற்கெனவே வாங்கிக்கொண்ட மெஷின்கள் எழுந்திருக்கவில்லை. சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் என்று மைக்ரோசாஃப்ட் பிறகு கணக்குச் சொன்னது. மதியத்துக்குள் எங்கள் குழு கொதித்தது. சைனா ஹேக் என்று ஒருவர், மைக்ரோசாஃப்ட் சோலி முடிந்தது என்று ஒருவர். முந்தின இரவு மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஷ்யூரிலும் சம்பந்தமில்லாத ஒரு கோளாறு அமெரிக்காவில் நடந்திருந்ததால் குழப்பம் இரட்டிப்பு. காட்பாடியிலிருந்து தினமும் ரயிலில் சென்னை போய்வரும் சிஸ்டம் அட்மின் அக்கா ஒருவர், ஒரு கையால் மெஷின்களைச் சரிசெய்துகொண்டே எழுதினார்: சேஃப் மோடில் திற, க்ரவுட்ஸ்ட்ரைக் ஃபோல்டருக்குப் போ, சி-00000291 என்று ஆரம்பிக்கும் ஃபைலை அழி, ரீஸ்டார்ட் செய். அந்த வரி மேலே ஓடி மறைந்துகொண்டே இருந்தது. அந்த வாரக் காவலர் அதை மேலே குத்தி வைத்துவிட்டு ஸ்லோ மோட் போட்டார், ஒருவர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு செய்திதான் எழுத முடியும். அரை மணியில் சத்தம் அடங்கியது.

அப்போது ஒரு மாணவன் அக்காவிடம், "மைக்ரோசாஃப்டுக்கு முட்டுக் கொடுக்கறீங்களா?" என்று கேட்டான். நீக்கிவிடலாமா என்று காவலர் என்னிடம் கேட்டார். நான் அன்றைக்கு வாய் திறக்காதவன் என்பதால் முடிவு என்னுடையது. பொறுங்கள் என்றேன். கோளாறு க்ரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய அப்டேட்டில்தான் என்று அக்கா பதில் சொன்னார். அவன் அடுத்துக் கேட்டது: அப்படியென்றால் ஒரு பாதுகாப்பு மென்பொருளை கெர்னலுக்குள்ளேயே, அதாவது விண்டோஸின் மையப் பகுதிக்குள்ளேயே, ஏன் விடுகிறார்கள், அது விழுந்தால் மொத்தமும் விழாதா? அன்று கேட்கப்பட்டதிலேயே நல்ல கேள்வி அதுதான். ராத்திரி வரை அதைப் பற்றியே பேச்சு ஓடியது. பாயை விட்ட கையோடு அவனையும் விட்டிருந்தால் என்று நினைத்தாலே எனக்குத் திக்கென்கிறது.

பாய் ஆகஸ்டில் திரும்பி வந்தார். எழுத மாட்டேன், பேசி அனுப்புகிறேன் என்றார். அவர் அனுப்பும் வாய்ஸ் மெசேஜை அவருடைய மகள்தான் கீழே எழுத்தில் போடுகிறார், ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாமல், அப்பா பேசுகிற மாதிரியே, "கீது", "உடாது" எல்லாம் அப்படியே. போன வாரம் மழைத் தண்ணீர் சார்ஜிங் சாக்கெட்டில் போனால் என்ன செய்வது என்று இரண்டே முக்கால் நிமிடம் பேசியிருந்தார். அதற்குக் கீழே பதினாறு கேள்விகள்.

நீக்கப்பட்டவர் சில நாள் முன்பு எனக்குத் தனியாக எழுதினார், மறுபடி சேரலாமா என்று. நேராக பாயிடமே கேட்டேன். "வரட்டும் தம்பி. மொதல்ல கடைக்கு வரச் சொல்லு, பேட்டரி காட்றேன்" என்றார். அவருக்கு கடை விலாசத்தை அனுப்பியிருக்கிறேன். இன்னும் போகவில்லை.