கரையிறங்கும் சீட்டு: பால்டிமோர் நாட்குறிப்பு

மார்ச் 25, 2024, திங்கள்

நோன்புக் காலத்தில் மீன் தொடலாம் என்கிற நாள். மரியாளுக்குத் தேவதூதர் செய்தி சொன்ன திருநாளும் கிரீஸின் விடுதலை நாளும் கிரேக்கர்களான எங்களுக்கு ஒன்றுதான். பேத்தி காட் மீனை மாவில் தோய்த்துப் பொரித்து, பூண்டு மசித்து ஸ்கோர்தாலியாவும் செய்தாள். பூண்டு போதவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அடுத்த வருஷம் செய்ய மாட்டாள்.

சாயங்காலம் காப்பிக் கடை. ஒரு காலத்தில் எங்கள் கிரேக்கர் பேட்டையான கிரீக்டவுன் முழுக்க இப்படிக் கடைகள், இடம் பிடிக்க நிற்க வேண்டும். இன்று நாலு பேர். ஒருவருக்குக் காது கேட்காது. அவரோடுதான் தாவ்லி, எங்கள் பகடைக்காய் ஆட்டம், ஆட நன்றாக இருக்கிறது.

மார்ச் 26

விடியுமுன் மகள் போன். "அப்பா, கீ பாலம் விழுந்துடுச்சு."

துறைமுகத்துக்கு வரும் ஆற்றின் மேல் நின்ற பெரிய பாலம். ராத்திரி 1.28 மணிக்காம். மின்சாரம் போன சரக்குக் கப்பல் நேராகத் தூணில் மோதியிருக்கிறது. கப்பலிலிருந்து ஆபத்துச் செய்தி வந்ததால், பாலத்தில் ஏற வந்த வண்டிகளைப் போலீஸ்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். மேலே பள்ளம் அடைத்துக்கொண்டிருந்த எட்டுப் பேரை யாராலும் இறக்க முடியவில்லை. இரண்டு பேர்தான் பிழைத்தார்கள்.

1972-லிருந்து அந்தப் பாலம் எழும்பியதை ஸ்பாரோஸ் பாயிண்ட் இரும்பாலைக்குப் போகும்போதெல்லாம் பார்த்தவன் நான். திறந்தது 1977-ல். இப்போது பாலமும் இல்லை, ஆலையும் இல்லை.

முதலில் ஜன்னலுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டு எல் சால்வடார் பையன் ரோடு வேலைக்குப் போகிறவன். அவன் வண்டி வாசலில் நின்றது. இருந்தாலும் போய்க் கதவைத் தட்டினேன். அவன் மனைவி திறந்தாள், கண் சிவந்திருந்தது. எனக்கு ஸ்பானிஷ் வராது, அவளுக்கு கிரேக்கம் வராது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

மார்ச் 28

கப்பல் பெயர் டாலி. கொழும்புக்குப் புறப்பட்டதாம். 21 பேர்: 20 இந்தியர், ஒரு இலங்கைக்காரர்.

கொழும்பு எனக்குத் தெரியும். 1964, எனக்கு 22 வயசு. துறைமுக வாசலில் ஒருவன் செம்மஞ்சள் நிற இளநீரை இரண்டே வெட்டில் சீவிக் கொடுத்தான். அப்புறம் எவ்வளவோ குடித்துவிட்டேன், அந்த ருசி மட்டும் வாய்க்கவில்லை.

ஏப்ரல் 16

நேற்று எஃப்பிஐ, அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறை, கப்பலில் ஏறியது. ஆட்களின் போன்களையும் வாங்கிக்கொண்டார்களாம். மூன்று வாரமாகிறது, ஒருவரும் கரையிறங்கவில்லை. விசாரணை ஒரு பக்கம், விசா இல்லாதது ஒரு பக்கம். ராத்திரி தளத்தில் நின்றால் ஊர் விளக்கெல்லாம் தெரியும்.

என் கதையை இங்கே எழுதியதில்லை. பேத்திக்குத் தெரியும், போதும் என்றிருந்தேன். சரி, எழுதிவிடுகிறேன்.

1967 நவம்பர். தானியம் ஏற்ற வந்தோம். லிபர்ட்டி என்பது இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்கா அவசரமாகக் கட்டிய சரக்குக் கப்பல். போர் முடிந்ததும் கிரேக்க முதலாளிகள் அமெரிக்காவிடம் வாங்கிய 100 லிபர்ட்டி கப்பல்களில் ஒன்று எங்களுடையது. கட்டியது இதே பால்டிமோரில், பெத்லஹேம் ஃபேர்ஃபீல்டு தளத்தில். அங்கே மட்டும் 384 லிபர்ட்டிகள் இறங்கின. 441 அடி, அன்று எனக்கு அது மலை. டாலி 984 அடி.

மாலுமிகள் ஊருக்குள் போய்வரக் கரையிறங்கும் சீட்டு கொடுத்தார்கள். நள்ளிரவுக்குள் திரும்ப வேண்டும். மூன்று சட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஏணியில் இறங்கினேன். பை எடுத்தால் சந்தேகம் வரும். ஈஸ்டர்ன் அவென்யூவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தேன். அடுப்படியில் யாரோ எங்கள் கியோஸ் தீவின் பேச்சில் திட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றிரவே அங்கே பாத்திரம் கழுவினேன். கப்பல் போய்விட்டது. அது பிறந்த ஊரில் நான் தங்கிவிட்டேன்.

கல்யாணம் ஆகிக் காகிதமெல்லாம் கைக்கு வர வருஷங்கள் ஆயின. அம்மா 1971-ல் போனாள். வெளியே போனால் திரும்ப விட மாட்டார்கள் என்றார்கள். போகவில்லை.

ஏப்ரல் 27

கூலுராக்கியா சுட்டோம், நோன்பு என்பதால் வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் ஊற்றி. ஒரு தகர டப்பா நிறையக் கொண்டுபோய் மாலுமிகளுக்கு உதவுகிற இடத்தில் கொடுத்தேன். கப்பலில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார்கள். கிரேக்கப் பிஸ்கட்டை அவர்கள் சாப்பிடுவார்களா என்று பேத்தி கேட்டாள். கப்பல்காரன் எதையும் சாப்பிடுவான்.

மே 3, பெரிய வெள்ளி

எபிதாஃபியோஸ் ஊர்வலம். ஏசுவின் கல்லறையாக அலங்கரித்த பூப்பல்லக்கு செயின்ட் நிக்கோலஸ் கோயிலிலிருந்து எங்கள் தெருக்களைச் சுற்றி வந்தது. நிக்கோலஸ் மாலுமிகளின் புனிதர், எங்களுக்கு வேறு யார் வாய்ப்பார்? முழங்கால் ஒத்துழைக்கவில்லை, பாதி வழியில் என் வீட்டுப் பளிங்குப் படியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பையன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்தான். அவன் ஊரிலும் இப்படி ஊர்வலம் உண்டாம். ஆற்றில் இன்னும் ஒருவர் உடல் கிடைக்கவில்லை என்றான்.

மே 13

கப்பல் மூக்கில் கிடந்த பாலத் துண்டை வெடிவைத்து உடைத்தார்கள். ஆட்களை அப்போதும் இறக்கவில்லை. உள்ளேயே இருந்தார்கள்.

மே 20

விடிகாலையில் துறைமுகக் கரையிலிருக்கிற ஃபோர்ட் மெக்ஹென்றி கோட்டைப் பக்கம் கூட்டிப்போகச் சொல்லி அடம்பிடித்தேன். பேத்தி முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தாள். இழுவைப் படகுகள் டாலியைத் துறைமுகத்துக்குள் கொண்டுவந்துகொண்டிருந்தன. மாடு தளர்ந்து வீடு திரும்புகிற நடை. தளத்தில் ஆட்கள் இருந்தார்களா என்பது என் கண்ணுக்குத் தெரியவில்லை. இருந்தாலும் தொப்பியைக் கழற்றி ஆட்டினேன்.

"பப்பூ, இறங்க விட்டா அவங்களும் உன்னை மாதிரி ஓடிடுவாங்களா?" என்றாள். பப்பூ என்றால் தாத்தா.

"இல்லம்மா. அவங்களுக்கு வீட்டுக்குப் போகணும்."

"உனக்குப் போக வேண்டாமா அப்போ?"

நான் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பிஸ்கட் டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து அந்தச் சீட்டை எடுத்து அவளிடம் காட்டினேன். மடிப்பில் கிழிந்திருக்கிறது. 'நள்ளிரவு' என்று தட்டச்சு செய்திருப்பது இன்னும் படிக்க வருகிறது.