இயோசினோஃபில் எண்ணிய அனுபவம்

கும்பகோணம் பக்கத்து ஆள். இரவானால் இருமலும் இளைப்பும். ஆஸ்துமா மருந்துக்கு அடங்கவில்லை. அந்தப் பக்கம் யானைக்கால் நோய்க்குப் பேர்போனது என்பதால், ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வெள்ளையணு எவ்வளவு என்று பார்க்கச் சொல்லி டாக்டர் அனுப்பியிருந்தார். வெள்ளையணுக்களில் வழக்கமாக 1 முதல் 6 சதவீதம் இருக்கவேண்டியதை, அணுக்களை எண்ணும் அனலைசர் மிஷின் 40க்கு மேல் காட்டியது. "மிஷின் சொன்னதை அப்படியே எழுதாதே, ஸ்லைடு போடு" என்றார் சீனியர் அக்கா. நான் அப்போது லேபில் பயிற்சியில் இருந்தேன்.

அணுக்களுக்கு நிறமேற்ற லீஷ்மன் ஸ்டெயின்தான். ஸ்லைடில் மெல்லிசாகத் தேய்த்த ரத்தத்தின் (ஸ்மியர்) மேல் ஊற்றி 2 நிமிடம், பிறகு பி.எச். மாறாமல் வைக்கும் பஃபர் திரவத்தை இரு மடங்கு விட்டுக் காத்திருக்க வேண்டும். பஃபரின் பி.எச். 6.8 இல்லாவிட்டால் எல்லாம் கெட்டுவிடும். காரம் ஏறினால் இயோசினோஃபில் மணிகள் சாம்பல் பூத்து நிற்கும், நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வெள்ளையணு எது என்றே பிரிக்க முடியாது. சந்தேகம் வந்தால் பக்கத்துச் சிவப்பணுவின் நிறத்தைப் பார் என்பார் அக்கா. புத்தகப் படத்தைவிட இது எனக்கு அதிகம் உதவியது.

ஆயில் லென்ஸில் பார்த்தால் இயோசினோஃபிலின் நியூக்ளியஸ் மூக்குக்கண்ணாடி மாதிரி இரண்டு மடல். சுற்றிலும் ஒரே அளவில் தடித்த ஆரஞ்சு மணிகள். நியூக்ளியஸை அவை மறைப்பதில்லை. பேசோஃபில் என்ற மற்றொரு வெள்ளையணுவில் அடர் ஊதா மணிகள் நியூக்ளியஸ் மேலேயே கிடக்கும். நூற்றுக்கு ஒன்றுகூடக் கிடைக்காத அணு அது. மணிகள் தண்ணீரில் கரையக்கூடியவை, அதிகம் கழுவினால் வெறும் ஓட்டைகள்தான் மிஞ்சும். அவ்வளவு அரிது என்பதால் 100 அணுவோடு நிறுத்தாமல் 200 எண்ணினேன். ஒட்டுண்ணித் தொற்றில் பேசோஃபில் எண்ணிக்கையை நம்பி எதுவும் முடிவுசெய்ய முடியாது என்பது வேறு விஷயம்.

சதவீதம் மட்டும் போதாது என்று, ரத்தத்தை டங்கர் திரவத்தில் 1:10 கலந்து, நியூபவர் சேம்பர் என்ற கட்டம் போட்ட கண்ணாடித் தட்டில் நேரடியாகவும் எண்ணினோம். சேம்பரை ஈரத்தாள் போட்ட மூடிய தட்டில் சிறிது நேரம் வைக்க வேண்டும், இல்லையென்றால் காய்ந்துவிடும். திரவத்தில் உள்ள தண்ணீர் மற்ற அணுக்களை உடைத்துவிடும், இயோசினோஃபில்கள் மட்டும் சிவந்து தெரியும். மைக்ரோலிட்டருக்கு 3000ஐத் தாண்டியது.

இரவு 10 மணிக்கு மேல் எடுத்த ரத்தத்தில் மைக்ரோஃபைலேரியா, அதாவது யானைக்கால் புழுவின் குஞ்சுகள், எதுவும் இல்லை. யானைக்கால் புழுவால் இருமலும் இளைப்பும் வரும் இந்த வகை நுரையீரல் பாதிப்பில் பெரும்பாலும் அப்படித்தான், புழுக்குஞ்சுகள் நுரையீரலிலேயே சிக்கி அழிந்துவிடும். யானைக்கால் புழுவுக்கான டி.இ.சி. மாத்திரை கொடுத்தார்கள், எண்ணிக்கை படிப்படியாக இறங்கியது.

பூச்சி என்றாலே இயோசினோஃபில் ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். கொக்கிப்புழு, உருண்டைப்புழு, ஃபைலேரியா (யானைக்கால் புழு) போன்ற, திசுவுக்குள் புகும் புழுக்களுக்குத்தான் அது பொருந்தும். ஒரே செல் கிருமிகளால் வரும் மலேரியாவிலும், ஜியார்டியா என்ற குடல் தொற்றிலும் பொதுவாக ஏறாது. ஸ்டீராய்டு எடுப்பவருக்கோ புழு இருந்தாலும் எண்ணிக்கை இறங்கிவிடும். ரத்தம் எடுக்கும்போதே என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று நான் கேட்டு எழுதுவது இதனால்தான்.